"அப்படியும் இருக்கலாம்மா"

நான் சொன்ன பதில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சொல்லியிருக்க வேண்டுமா என்பது வேறு விஷயம்.

அது ஐ.சி.யூ.வில் நினைவில்லாமல் கிடந்த ஒருவரின் மூளை அலைகளை (ஈ.ஈ.ஜி.) ஆராய்ச்சிக்காக எடுத்த பதிவு. முடிவை வீட்டாரிடம் சொல்ல மாட்டோம் என்று ஒப்புதல் படிவத்திலேயே இருக்கிறது. அவருடைய மனைவியான அந்த அம்மாவும் கையெழுத்துப் போட்டிருந்தார். ஐ.சி.யூ. வாசலில் நின்று கையெழுத்துப் போடுகிறவர்கள் எவ்வளவு படிக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததா?

வயர்களைக் கழற்றிவிட்டு, அவற்றை ஒட்டவைத்த பேஸ்ட்டைக் கணவரின் தலையிலிருந்து நான் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா கேட்டார்: "இவருக்குக் கேக்குதா தம்பி?"

டாக்டரைக் கேளுங்கள் என்பதுதான் வழக்கமான பதில். ஆனால் அன்றைக்குத் திரையில் அலை நன்றாக வந்திருந்தது. வென்டிலேட்டர், இன்ஃப்யூஷன் பம்ப், காற்றுப் படுக்கையின் மோட்டார் எல்லாம் 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சலைக் கொட்டும் இடத்தில் சில மைக்ரோவோல்ட்டைப் பிடிப்பது என்ன பாடு என்று செய்தவர்களுக்குத் தெரியும். காதில் 75 மில்லிசெகண்ட் பீப் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும், இடையில் ஒன்று 30 மில்லிசெகண்டிலேயே நின்றுவிடும். அந்தக் குட்டை பீப்புக்கு வந்த மூளை அலையின் சராசரியிலிருந்து மற்ற பீப்புகளுக்கு வந்ததன் சராசரியைக் கழித்தால், மாற்றத்துக்குப் பிறகு 100 முதல் 250 மில்லிசெகண்டுக்குள் நெற்றிப் பக்கம் ஒரு நெகட்டிவ் அலை தெரிய வேண்டும். ஃபின்லாந்துக்காரர் ரிஸ்டோ நாட்டானென் 1978இல் சகாக்களோடு விவரித்த எம்.எம்.என். (மிஸ்மேட்ச் நெகட்டிவிட்டி) அதுதான். இவரிடம் தெரிந்தது. எனக்கு அந்தச் சந்தோஷமும் இருந்தது, மறைப்பானேன்.

"சத்தம் மாறினா இவரோட மூளை கண்டுபிடிக்குதும்மா. கேக்குதுன்னு சொல்ல முடியாது."

"மாறுனது தெரியுதுன்னா கேக்குதுன்னுதான தம்பி அர்த்தம்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. எம்.எம்.என். வருவதற்குக் கவனமே தேவையில்லை. நல்ல நிலையில் இருப்பவர்களைச் சத்தமில்லாத படம் பார்க்கச் சொல்லிவிட்டு, பீப்பைக் கண்டுகொள்ளாதீர்கள் என்று சொல்லித்தான் எடுக்கிறோம், அப்போதும் வருகிறது. பாரிஸ் குழு 2009இல் வெளியிட்ட சோதனை இதை இன்னும் நன்றாகப் பிரித்துக் காட்டியது. நான்கு சத்தம் ஒரே மாதிரி, ஐந்தாவது வேறு. இதையே திரும்பத் திரும்பக் கேட்டால் அதுவே பழகிவிடும். அப்புறம் ஐந்தும் ஒரே மாதிரி வந்தால்தான் ஆச்சரியம். அந்த ஐந்தாவது வேறு சத்தத்தை நினைவில்லாதவரின் மூளைகூடப் பிடிக்கலாம். பழகிய வரிசை மாறியதைப் பிடிக்க, கேட்டதை மனதில் வைத்திருக்க வேண்டும். நாங்கள் எடுத்தது முதல் வகை மட்டும்.

இவ்வளவையும் பேஸ்ட் துடைக்கிற நேரத்தில் எப்படிச் சொல்வது? "அப்படியும் இருக்கலாம்மா" என்றேன்.

மறுநாள் வெளியே பெரிய மகனிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "கேக்குதுன்னு மிஷின்லயே வந்திருக்குடா. வீட்டுக்குக் கொண்டு போற பேச்சே வேணாம்." அவர்கள் வீட்டுக்குக் கொண்டு போவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அந்தப் பேச்சு காசு தீர்ந்ததால் வந்தது என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. கோமாவில் இருக்கும்போது இந்த அலை கிடைத்தவர்களில் பெரும்பாலோர் கண்விழித்தார்கள் என்று பிரான்சின் லியோன் நகர ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே நம்பிக்கைப் பக்கம் சாய்ந்து பேசியது ஆதாரமில்லாத பேச்சு அல்ல. ஆனால் சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து 2013இல் வெளியான ஆய்வும் எனக்குத் தெரியும். இதயம் நின்று மீண்டவர்களை முதல் நாள் பார்த்தபோது, பிழைத்தவர், பிழைக்காதவர் இரு தரப்பின் மூளையும் சத்த வேறுபாட்டைப் பிரித்தது. முதல் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் இடையில் அது கூடியதா குறைந்ததா என்பதுதான் பயன்பட்டது. இவரும் இதயம் நின்று வந்தவர். நாங்கள் எடுத்தது ஒரே ஒரு பதிவு. இரண்டு ஆய்வில் எதை நினைத்து அந்த அம்மாவிடம் பேசினேன் என்று கேட்டால், அந்த நிமிடத்தில் எதையும் நினைக்கவில்லை என்பதுதான் உண்மை. அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"நீ சொல்லாட்டாலும் அந்தம்மா கூட்டிட்டுப் போயிருக்காது" என்றார் கூட வேலை செய்யும் அண்ணன். ஆறுதலுக்காகச் சொன்னார். அப்படியானால் என் பேச்சுக்கு ஒரு மதிப்பும் இல்லையா என்று அதிலும் கொஞ்சம் வலித்தது, என்ன புத்தியோ.

அந்த அம்மாவின் கணவரை ட்ரக்கியாஸ்டமியோடு (மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டு வைக்கும் குழாய்) வார்டுக்கு மாற்றினார்கள். அதோடு எங்கள் ஃபைல் முடிகிறது.

இப்போதெல்லாம் வயர் கழற்றும்போது வீட்டாரை வெளியே இருக்கச் சொல்லிவிடுகிறேன். இன்ஃபெக்ஷன் என்று காரணம் சொல்கிறேன், அது முழுப் பொய்யும் இல்லை. இதைக் கவனித்த சீனியர் சிஸ்டர் ஒருநாள் கேட்டார்: "பேசுங்கம்மா, அவருக்குக் கேக்கும்னு நாங்க தினம் பத்துப் பேர்கிட்ட சொல்றோம். எந்த மிஷினையும் பாத்துட்டா சொல்றோம்? உனக்கு மட்டும் என்ன?"

நான் சொல்லும்போது அதற்குப் பின்னால் ஒரு ரிப்போர்ட் நிற்கிறதே என்றேன். ரிப்போர்ட்டில் 'கேட்கிறது' என்று எழுதினாயா என்றார். இல்லை, 'எம்.எம்.என். உள்ளது' என்று மட்டும்தான் எழுதியிருந்தேன்.