சீலிங்குக்கு மேலே ஏறுமுன்

கொழும்பின் பழைய வீடுகளில் சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில் இருப்பதைச் சாமான் அறை என்று நினைத்துத்தான் எல்லாவற்றையும் ஏற்றுகிறோம். உச்சி வெயிலில் அங்கே 40 பாகைக்கு மேல் கொதிக்கும். மழைக்காலத்தில் காற்றே ஈரமாக நிற்கும். அங்கே கிடந்து பிழைக்கக்கூடிய சாமான் எது என்பதுதான் முதல் கேள்வி. எப்படி அடுக்குவது என்பதெல்லாம் பிறகு. புறக்கோட்டைக்கு ஓடிப்போய்ப் பத்துப் பிளாஸ்டிக் பெட்டி வாங்கிவந்து தொடங்காதீர்கள். எல்லாம் கீழே இறங்கின பிறகு பார்த்தால் பாதிப் பெட்டியே போதும்.

சாமானை இறக்கித் துப்புரவாக்கும் வேலைக்கு நல்ல காலம் ஜனவரி, பெப்ரவரி. ஆனால் ஒழுக்குப் பார்ப்பதற்கு ஒக்டோபர், நவம்பர் மழை வேண்டும். மழை பெய்யும்போதே சீலிங்கில் ஆள் ஏறும் மூடியைத் திறந்து ரோச் அடித்து, மரத்தில் ஈரம் ஓடும் இடத்தைச் சோக்கால் குறித்துவிடுங்கள். காய்ந்த பிறகு தேடினால் பழைய கறை எது, புதியது எது என்று தெரியாது.

ஏறும் நாளில் காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பது மணிக்குள் இறங்கிவிட வேண்டும். மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். எலி கடித்த வயர் எங்கே கிடக்கிறது என்று மேலே போகும்வரை தெரியாது. வெளிச்சத்துக்குத் தலையில் கட்டும் பற்றறி விளக்கு நல்லது, இரண்டு கையும் ஓய்வாக இருக்கும். ஏணியைப் பிடிக்கக் கீழே ஒருவர் கட்டாயம்.

கால் வைக்கும் இடம் மிக முக்கியம். சீலிங் தகடு ஆளைத் தாங்காது, மரச்சட்டத்தில் மட்டும்தான் மிதிக்க வேண்டும். தகட்டில் வரிசையாகத் தெரியும் ஆணித் தலைகளுக்கு மேலேதான் சட்டம் ஓடுகிறது; கீழே நின்றே அந்த வரிசையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 12 மில்லிமீற்றர் பிளைவுட்டை ஒன்றரை அடி அகலத்தில் வெட்டினால் இரண்டடி மூடிக்குள்ளால் நுழையும். அதைக் குறைந்தது இரண்டு சட்டத்துக்குக் குறுக்கே போட்டு அதன்மேல் நகரலாம். சட்டம் இரண்டு அங்குலச் சதுரம் என்றால், அது சீலிங்கைத் தாங்கப் போட்டது, உங்கள் சாமானைத் தாங்க அல்ல. அப்படியான இடத்தில் சுவரோரமாகப் பாரம் குறைந்தவற்றை மட்டும் வையுங்கள்.

கூரையோ சீலிங்கோ அஸ்பெஸ்டஸ் என்றால் தும்புத்தடி வேண்டாம், சாதாரண வக்கூம் கிளீனரும் வேண்டாம். இரண்டுமே தூளைக் கிளப்பி வீடு முழுக்கப் பரப்பும். ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியையும் பையில் கட்டி வீசுங்கள். முகத்துக்குப் பி100 வடிகட்டி போட்ட முகமூடி வேண்டும், என்95 முகக்கவசம் அஸ்பெஸ்டஸ் தூளுக்குப் போதாது. எலிப் புழுக்கையை உலர்ந்தபடி கூட்டக்கூடாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு பேப்பரால் வழித்தெடுங்கள்.

மேலே இருந்துகொண்டு எதையும் தரம் பிரிக்காதீர்கள். வெக்கையில் குனிந்திருப்பவர் ஒன்றில் எல்லாவற்றையும் வைத்துக்கொள்வார், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் எறிவார். முழுவதும் ஹோலுக்கு இறங்கட்டும். இரண்டு தீபாவளி தாண்டியும் தொடாத சாமானுக்குத் திரும்ப மேலே இடமில்லை. கனடாவுக்குப் போனவர்கள் விட்டுப்போன சூட்கேசுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒருவருட வாரண்டிக்காக வைத்த ரி.வி. பெட்டி பன்னிரண்டு வருடம் கிடப்பதும் நம்மூர் வழக்கம்தான். அதைப் போத்தல் பேப்பர்காரரிடம் கொடுத்துவிடலாம்.

காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அல்பம், கசெட், சரிகைச் சேலை, தோல் பை, மெழுகுதிரி, பெயின்ட், பற்றறி போட்ட விளையாட்டுச் சாமான் ஒன்றும் மேலே போகக்கூடாது. சப்பாத்தும் அப்படித்தான். பார்த்தால் புதிதுபோல இருக்கும். போட்டு நாலு எட்டு வைத்ததும் அடிப்பாகம் ஈரக் கேக் மாதிரிப் பொடிந்து தரையில் கொட்டும். பொலியூரித்தேன் அடிகள் காற்றின் ஈரத்தால் உள்ளுக்குள் சிதைவதால் வருவது இது, பசை போட்டு ஒட்டமுடியாது. கிடாரம், பித்தளைக் குத்துவிளக்கு, கிறிஸ்மஸ் மரம், கொலுப்படி, மண் கொலுப்பொம்மை எல்லாம் தாங்கும். காகிதக்கூழ்ப் பொம்மையைக் கீழே அலுமாரியில் வையுங்கள்.

சுவரில் மண் கோடு ஏறியிருந்தால் ஓரிடத்தில் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் பூச்சி ஓடினாலோ, இரண்டு நாளில் கோட்டைத் திரும்பக் கட்டியிருந்தாலோ கறையான் உயிரோடு இருக்கிறது. மருந்தடித்த பிறகே சாமான் ஏற வேண்டும். பழக்கொட்டை நிறைந்த எச்சமும் மூத்திரக் கறையும் கிடந்தால் மரநாய். அது இரவில் வெளியே போன பிறகு, குட்டி இல்லை என்று பார்த்துவிட்டு, ஓட்டைகளை அரை அங்குலக் கம்பிவலையால் அடையுங்கள். கூரையைத் தொடும் மாங்கிளையை வெட்டாவிட்டால் அடுத்த மாதம் வேறு வழியால் வரும்.

திரும்ப ஏற்றும்போது அட்டைப்பெட்டி வேண்டாம், கறையானுக்கும் புத்தகப்பூச்சிக்கும் அது சோறு. மூடி இறுகும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பெட்டி, ஒன்று 10 கிலோவுக்குள். ஒரு கை ஏணியில் இருக்க மறு கையால் தூக்கமுடியாத பாரத்தைக் கயிற்றில்தான் ஏற்ற வேண்டும். பித்தளையைப் பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். மழை நாளில் மூடிய பெட்டிக்குள் அன்றைய ஈரமும் சேர்ந்து அடைபடும், பிறகு பூஞ்சணம்தான். வெயில் நாளில் மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் போடுங்கள். பெட்டிக்கும் சுவருக்கும் நாலு அங்குல இடைவெளி வேண்டும், அடியில் இரண்டு ரீப்பை, அதாவது மெல்லிய மரச்சட்டம். வயருக்கு மேலும் சீலிங் லைட்டுக்கு மேலும் எதையும் வைக்காதீர்கள்.

ஒட்டும் லேபல் வெக்கையில் பசை விட்டு விழுந்துவிடும். சீலிங் மூடியைத் திறந்ததும் கண்ணில் படும் பெட்டிப் பக்கத்தில் மார்க்கரால் இலக்கம் எழுதி, எந்த இலக்கத்தில் என்ன என்று ஒரு கொப்பியில் குறித்து, அந்தக் கொப்பியைக் கீழே பான்ரி கதவின் உட்பக்கம் தொங்கவிடுங்கள்.