கடைசிப் பக்கங்கள் இல்லாத புத்தகம்

1992இல் யாழ்ப்பாணத்தில் நம் பள்ளியில் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, கணித பாட நேரத்தில் பந்தடிக்கப் போய்ப் பிடிபட்டேன். ஒரு தவணை முழுக்க இடைவேளைகளில் நூலகத்தில் உதவ வேண்டும் என்பது தண்டனை. விஞ்ஞானகூடத்துக்குப் பின்னால் இருந்த அந்த ஒடுங்கிய அறை அங்கே படித்த உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஐந்து அலுமாரி, இரண்டு நீள வாங்கு.

நூலகப் பொறுப்பாக இருந்த ரீச்சர் என்னை வாசிக்கச் சொல்லவேயில்லை. பசை காய்ச்சச் சொன்னார். கோதுமை மாவுக்குள் கொஞ்சம் மயில்துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது என்பதை அவரிடம்தான் படித்தேன். போரில் அரசு யாழ்ப்பாணத்துக்குப் பொருட்களை வர விடாத பொருளாதாரத் தடைக் காலம். பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தது; புதுப் புத்தகத்துக்கு எங்கே போவது? இருந்தவற்றைத் தைத்து, ஒட்டி, பழைய கலண்டர் தாளில் உறை போட்டோம். 1981இல் யாழ் பொதுநூலகத்தில் 97,000 வரையான நூல்கள் எரிந்ததைக் கண்ட தலைமுறை அவர். கிழிந்த ஒற்றையைக்கூட எறிய விடமாட்டார்.

ஒருநாள் கடைசிப் பக்கங்கள் போன ஒரு துப்பறியும் கதை கையில் வந்தது.

"இதை எறிவமா ரீச்சர்?"

"ஏன் எறியிறாய்? பின்னால வெள்ளைத் தாள் வைச்சுத் தை. வாசிச்சுப்போட்டு முடிவை நீ எழுது. அடுத்த ஆள் தன்ர முடிவை எழுதட்டும்."

அன்றிரவு ஜாம் போத்தல் விளக்கில் வாசித்தேன். மண்ணெண்ணெய் முடியுது என்று அம்மா இரண்டு தரம் சத்தம் போட்டா. நான் முழுதாக வாசித்த முதல் புத்தகம் அது. கொலைகாரன் தோட்டக்காரன்தான் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பிறகு அந்தப் புத்தகத்துக்கு வரிசையில் ஆட்கள் நின்றார்கள். எல்லாருக்கும் கதையைவிட மற்றவன் என்ன எழுதியிருக்கிறான் என்று பார்க்கத்தான் அவசரம்.

இப்போது கனடாவில், ஸ்காபரோவில் ஓர் இடைநிலைப் பள்ளி நூலகத்தில் வேலை செய்கிறேன். பதினொன்று முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். "வாசி" என்று சொன்னால் முகத்தைத் திருப்பும் வயது. ஒன்ராறியோ நூலகச் சங்கத்தின் ரெட் மேப்பிள் திட்டத்தில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பட்டியலில் ஐந்து புத்தகமாவது வாசித்தால் பிடித்ததற்கு வாக்களிக்கலாம். தங்கள் தீர்ப்புக்கும் மதிப்பு இருக்கிறது என்று தெரிந்தால் அவர்கள் வாசிக்கும் விதமே வேறு. "உது படம் பாக்கிற புத்தகம், வேற குடுங்கோ" என்று வரும் நம்மூர்ப் பெற்றோரிடம் நான் விட்டுக்கொடுப்பதில்லை. படக்கதையும் வாசிப்புத்தான்.

நூலகப் பயிற்சி வகுப்பில், சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலகவியலின் ஐந்து விதிகளைப் படிப்பித்தார்கள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். ரீச்சர் அந்தப் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு அவருடைய பசைச் சட்டிதான் நினைவுக்கு வந்தது.

1995 ஒக்டோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து எல்லாரும் யாழ்ப்பாணத்தை விட்டுச் செம்மணி வழியாக நடந்தபோது அந்தப் புத்தகம் அலுமாரியில்தான் இருந்தது. கடைசியாக நான் பார்த்தபோது ஒன்பது முடிவுகள் எழுதப்பட்டிருந்தன. அதற்குப் பிறகு உங்களில் யாராவது எழுதியிருந்தால், கொலைகாரன் யார் என்று எனக்குச் சொல்லுங்கள்.