லோன் போடாமல் வீடு வாங்கினோம்: விலை எவ்வளவு குறைந்தது?

ஊரில் நிலம் விற்ற பணமும் என் பி.எஃப். தொகையும் கையில் இருந்ததால், 2024-இல் குரோம்பேட்டையில் வீடு தேடியபோது எங்களுக்கு வங்கிக் கடன் தேவைப்படவில்லை. "லோன் இல்லையா? அப்போ பத்து லட்சம் குறைச்சுக் கேளுங்க" என்று சொல்லாத உறவினர் கிடையாது. கடைசியில் 3 லட்சம்தான் குறைந்தது. அதுவும் எங்கள் பணத்தைப் பார்த்து வீட்டு உரிமையாளர் குறைக்கவில்லை, தன்னுடைய அவசரத்துக்காகக் குறைத்தார்.

புரோக்கர்களிடம் சொன்னதும் முதலில் வந்த கேள்வி, "முழுசும் வொயிட்டா சார்?" என்பதுதான். ஆமாம், முழுப் பணமும் கணக்கில் காட்டித்தான் என்றதும் பாதிப் பேருக்கு ஆர்வம் போய்விட்டது. வழிகாட்டி மதிப்புக்கு (பதிவுக்காக அரசு வைத்திருக்கும் மதிப்பு) மட்டும் பத்திரம் போட்டுவிட்டு மீதியைக் கையில் வாங்க நினைக்கும் உரிமையாளருக்கு நாங்களும் லோன் பார்ட்டியும் ஒன்றுதான். அந்த வழிக்கு நாங்கள் போகவில்லை. வீட்டுக்கான முன்பணமே ஆனாலும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் என்கிறது வருமானவரிச் சட்டம். அபராதம் விற்பவருக்குத்தான். ஆனால் குறைத்துக் காட்டி வாங்கிய வீட்டை நாளைக்கு நாம் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரியும், வரி நம் தலையில் விழும்.

"ரெடி கேஷ் பார்ட்டி மட்டும்" என்று ஒரு வீடு வந்தது. மூன்றாவது மாடி, நல்ல காற்று, அந்தத் தெருவில் மற்ற வீடுகளைவிட 9 லட்சம் குறைவு. கட்டட அனுமதி வரைபடத்தின் நகலைக் கேட்டோம். "அதெல்லாம் லோன் போடறவங்களுக்கு சார், உங்களுக்கு எதுக்கு?" என்றார் புரோக்கர். விடாமல் கேட்டு வாங்கிப் பார்த்தால், தரைத்தளமும் இரண்டு மாடிகளும் மட்டும்தான் அதில் இருந்தன. எங்களுக்குக் காட்டிய வீடு வரைபடத்திலேயே இல்லை! வங்கி கடன் தராது என்பதால்தான் எங்களைப் போன்றவர்களாகப் பார்த்துத் தேடியிருக்கிறார்கள். நாளைக்கு நாங்கள் விற்கப் போனாலும் இதேபோல் கடன் வாங்காத ஒருவரைத்தான் தேட வேண்டியிருக்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

லோன் போடுபவருக்கு வங்கியின் வழக்கறிஞர் பத்திரங்களைப் பார்ப்பார், இன்ஜினியர் வந்து மதிப்பு போடுவார். நமக்கு அப்படி யாரும் இல்லை. இதற்காகவே ஒரு சின்ன லோன் போடச் சொல்லி மைத்துனர் யோசனை சொன்னார். பலர் அப்படிச் செய்கிறார்கள், தவறில்லை. ஆனால் வங்கி வழக்கறிஞர் பார்ப்பது வங்கியின் பணத்துக்கான பாதுகாப்பை. எனக்காகப் பார்க்கும் ஆள் வேண்டும் என்று தனியாக ஒரு வழக்கறிஞரைப் பிடித்தேன். 30 வருஷ வில்லங்கச் சான்றிதழ், தாய்ப்பத்திரம் (சொத்தின் முந்தைய உரிமையைக் காட்டும் பழைய பத்திரம்), நிலத்தின் பட்டா, அனுமதி வரைபடம், சொத்துவரி ரசீது எல்லாம் கேட்டார். அவருக்கும் ஒரு சிவில் இன்ஜினியருக்கும் கொடுத்த பணம் இந்த மொத்தச் செலவில் ஒரு பொருட்டே இல்லை.

நாங்கள் வாங்கிய வீட்டின் உரிமையாளர் 72 லட்சம் சொல்லியிருந்தார். மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று கோயம்புத்தூரில் ஒரு ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தார். மீதியைக் கட்டக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் வந்தவர் 71-க்கு ஒத்துக்கொண்டிருக்கிறார். வங்கி மதிப்பீடு குறைவாக வந்து, லோனும் குறைந்து, மீதியைப் புரட்ட முடியாமல் அவர் விலகிவிட்டார். அதற்குள் இரண்டு மாதம் போய்விட்டது. அதனால் உரிமையாளர் விலையைவிடத் தேதியைப் பற்றித்தான் எங்களிடம் அதிகம் பேசினார். கணக்கில் பணம் இருப்பதற்கு ஸ்டேட்மென்ட் காட்டினேன். 69-க்கு முடிந்தது. கோயம்புத்தூர் பில்டருக்கு அவரும் வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும் என்பதால் ரொக்கப் பேச்சே எழவில்லை.

சரி, பணம் தயார், உடனே பதிவு என்று நினைத்தால் அங்கேதான் சிக்கல். அவர் பேரில் 23 லட்சம் வீட்டுக் கடன் பாக்கி இருந்தது, பத்திரம் வங்கியில். வழக்கறிஞர் கறாராக இருந்தார்: கிரய ஒப்பந்தத்தை முதலில் பதிவு செய்யணும், பாக்கியை அவர் கையில் கொடுக்காமல் லோன் கணக்கிலேயே நேராகக் கட்டணும். அப்படியே செய்தோம். மாறும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டியே அடைத்ததற்குக் கட்டணம் இல்லை. ஆனால் அசல் பத்திரம் கிளையில் இல்லை, வேறு எங்கோ இருக்கும் காப்பகத்திலிருந்து வரவேண்டும் என்றார்கள். கடன் முடிந்து 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தரவேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதி 2023 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அதை மேலாளரிடம் மரியாதையாக நினைவூட்டினோம். பத்திரம் வந்த அன்று கவுன்ட்டரில் வைத்தே பட்டியலோடு ஒவ்வொரு தாளையும் சரிபார்த்தோம். தாய்ப்பத்திரத்தின் நகலில் ஒரு பக்கம் குறைந்தது. தேடினால் காப்பீட்டுத் தாளோடு சேர்த்துப் பின் அடித்து வைத்திருந்தார்கள். அப்புறம் வங்கி அதிகாரி வந்து அடமானத்தை ரத்து செய்யும் ரசீதைப் பதிந்து, அது வில்லங்கத்தில் ஏறிய பிறகுதான் எங்கள் பதிவு. விற்பவருக்குக் கடன் இருந்தால், நம் கைப்பணம் இந்தக் கட்டத்தை ஒரு நாள்கூடச் சுருக்காது.

பதிவு அன்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டோக்கன், புகைப்படம், கைரேகை, மதியத்துக்குள் முடிந்துவிட்டது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 69 லட்சத்துக்கு 6,21,000 ரூபாய். இதை ஒதுக்கி வைக்காமல் மொத்தப் பணத்துக்கும் விலை பேசிவிடக் கூடாது.

இன்னொன்று, விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால், விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமானவரி) பிடித்து அரசுக்குக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு. அட்வான்ஸ், லோன் பாக்கி, மீதி என்று நாங்கள் தவணையாகக் கொடுத்ததால் ஒவ்வொன்றுக்கும் தனியாக அந்த வரியைக் கட்டும் 26க்யூபி படிவம் போட்டோம். பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்டியாக வேண்டும். கட்டியதற்கான 16பி சான்றிதழை இறக்கி அனுப்பும்வரை கோயம்புத்தூரிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது.