கூட்டைப் பார்த்தே குளவியைச் சொல்லலாம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகளில் குளவி தங்காத கூரை குறைவு. ஒரு பக்கம் செம்பனை, இன்னொரு பக்கம் பழைய ரப்பர் மரம், நடுவில் தகரம் வேய்ந்த லயம் என்னும் வரிசை வீடுகள். குளவிக்கு வேறென்ன வேண்டும்? பறக்கிற குளவியின் நிறத்தைப் பார்த்து இனம் கண்டுபிடிப்பது கஷ்டம். கூடு எங்கும் ஓடிவிடாது. பத்தடி தள்ளி நின்று அதைப் பாருங்கள், பாதி கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

சுவரிலோ கதவு நிலையிலோ களிமண்ணை அப்பினாற்போல் இருந்தால் மண் குளவி. நூல் மாதிரி இடுப்பு, கருப்பும் மஞ்சளுமான உடம்பு. தனியாக வாழும், கூட்டுக்குக் காவல் நிற்காது. கையால் பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டாது. கூட்டை உடைத்தால் அறை அறையாகச் சிலந்திகள் அடுக்கியிருக்கும். செத்தவை அல்ல, கொட்டி முடக்கப்பட்டவை. ஒவ்வோர் அறையிலும் ஒரே ஒரு முட்டை. குளவி கொட்டிக் கொட்டிப் புழுவையும் குளவியாக்கும் என்று பாட்டிமார் சொல்வது எப்படி வந்திருக்கும் என்று இதைப் பார்த்தாலே புரியும். உள்ளே போனது இரை, வெளியே வருவது முட்டையிலிருந்து வளர்ந்த குஞ்சு. சின்னப் பானை வடிவில் கட்டும் இனத்துக்கு இரை கம்பளிப்புழு. வீட்டில் மண் கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று நம்பி விட்டுவைக்கிறார்கள். காரணம் எதுவானாலும் விட்டுவைப்பது சரிதான். கூட்டில் வட்டமான ஓட்டை விழுந்திருந்தால் குளவி வெளியேறிவிட்டது, சுரண்டிவிடலாம். சாவித் துவாரத்திலும் தண்ணீர்த் தொட்டியின் வழிகுழாயிலும் மண் அடைத்தால் மட்டும் உடனே எடுங்கள்.

சாம்பல் நிறக் காகிதம் போல, ஒற்றைக் காம்பில் தொங்கி, அறைகள் கீழ்நோக்கித் திறந்திருந்தால் அது காகிதக் குளவி. பெரிய இனம் பறக்கும்போது பின்னங்கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு வரும். சின்ன இனம் அரை அங்குலம்கூட இருக்காது. செம்பருத்தி இலைக்கு அடியில், துணி காயப்போடும் கம்பியின் முனையில், கேட்டில் தொங்கும் தபால் பெட்டிக்குள் கட்டும். தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கிறவர்கள் கொட்டு வாங்குவது பெரும்பாலும் இதனிடம்தான்.

மூன்றாவதுதான் ஆபத்து. உருண்டையாக மூடிய கூடு, பழுப்பும் வெளுப்புமாக வரி வரியாக உறை, பக்கத்தில் ஒரே வாசல். இது மலாயில் தெபுவான், ஊரில் கதண்டு என்பது. உடல் கருப்பு, வயிற்றின் முன்பாதியில் மட்டும் ஆரஞ்சு மஞ்சள் பட்டை. கூடு கட்டத் தொடங்கும்போது நீண்ட கழுத்துள்ள குடுவையைக் கவிழ்த்தது போலிருக்கும். அந்த நிலையில் உள்ளே இருப்பது ராணியும் ஒருசில வேலைக்காரிகளும்தான். முற்றிய கூட்டில் ஆயிரத்துக்கு மேலும் இருக்கும். இதைவிடப் பெரிய இன்னொரு கதண்டு நிலத்துப் பொந்திலும் மரப் பொந்திலும் கட்டும். புல்வெட்டி மெஷின் அதிர்வில் அது சீறிக் கிளம்பும். பள்ளிக்கூட கோத்தோங் ரோயோங்குக்கு (எல்லாரும் சேர்ந்து செய்யும் துப்புரவுப் பணிக்கு) முன் திடலின் ஓரத்தை ஒருவர் மெல்ல நடந்து, தரையிலிருந்து குளவி போய்வருகிறதா என்று பத்து நிமிடம் பார்த்துவிடுவது நல்லது.

கதண்டுக் கூட்டை நீங்கள் தொட வேண்டாம். அவசர எண்ணான 999-க்கு அழைத்துக் கூடு இருக்கும் இடம், உயரம் இரண்டையும் சொல்லுங்கள். பொம்பா என்னும் தீயணைப்புப் படையோ பொதுத் தற்காப்புப் படையோ வரும். மண்ணெண்ணெய்ப் பந்தம் காட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூடு காய்ந்த காகிதம், இறவாணத்துச் சட்டம் காய்ந்த பலகை. கூட்டோடு வீடும் போகும்.

உள்ளங்கையைவிடச் சிறிய காகிதக் கூடு, தரையில் நின்றே எட்டும் உயரம் என்றால் நீங்களே எடுக்கலாம். இருட்டியபின் செய்யுங்கள். பகலில் பாதிக் குளவிகள் வெளியே போயிருக்கும், திரும்பி வந்து அதே இடத்தில் மறுபடி கட்டும். முழுக்கை சட்டை, தடித்த கால்சட்டை, ஷூ, முகத்தை மூடத் துணி. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றி, கையில் பிடிக்காமல் ஓரமாக வையுங்கள். சிவப்பு வெளிச்சம் அவற்றுக்குச் சரியாகத் தெரியாது, வெள்ளை வெளிச்சத்தை நோக்கிப் பாயும். ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, பூச்செடிக்கு அடிக்கும் பம்பில் ஊற்றுங்கள். கூட்டுக்கு நேர் கீழே நிற்காமல், காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி பக்கவாட்டில் நின்று கூடு சொட்டச் சொட்ட அடியுங்கள். சோப்புத் தண்ணீர் மூச்சுத் துளைகளை அடைத்துவிடும். வெறும் தண்ணீர் உருண்டு ஓடிவிடும், கோபம் மட்டும்தான் மிஞ்சும். டின் ஸ்ப்ரேயும் வேலை செய்யும், ஆனால் அடுப்புக்கோ சாமி விளக்குக்கோ அருகில் கூடாது. ஏணி மேல் ஏறிச் செய்வது வேண்டவே வேண்டாம். குளவி கொட்டிச் சாவதைவிட விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வது சுலபம்.

மறுநாள் காலையில் கூட்டைத் தட்டி, காம்பை அடியோடு சுரண்டி எடுங்கள். அந்தப் பலகைக்குப் பளபளப்பான பெயின்ட் அடியுங்கள். குளவி காகிதம் செய்வது வெயிலில் வெளுத்த மரத்தைச் சுரண்டித்தான், பெயின்ட் பூசிய மரத்தில் நார் கிடைக்காது. தகரத்தின் நெளிவுக்கு அடியில் உள்ள இடைவெளியையும் காற்றுத் துளைகளையும் கொசுவலைக் கம்பியால் அடையுங்கள். கிரில்லின் இரும்புக் குழாய் முனைகளுக்குப் பிளாஸ்டிக் மூடி போதும். கீழே விழுந்த மாம்பழம், சீக்கு (சப்போட்டா), ரம்புத்தானைத் தினமும் பொறுக்குங்கள். குப்பைத் தொட்டிக்கு மூடி வேண்டும், குறிப்பாக மீன் கழுவின அன்று. கதண்டுக்குப் புளித்த இனிப்பு என்றால் உயிர், தென்னம்பாளையில் கள் இறக்கும் இடத்தில் அது சுற்றுவது அதனால்தான். குளவியை விரட்டும் பொய்க்கூடு என்று காகிதப் பையை ஊதித் தொங்கவிடுவதை நம்பிக் காசு செலவழிக்காதீர்கள்.

இரவில் வாசல் விளக்குக்கு வரும் வெளிர் பழுப்புக் குளவியும் உண்டு. கொட்டினால் நன்றாகவே வலிக்கும். விளக்கை அணையுங்கள், அல்லது மஞ்சள் பல்புக்கு மாறுங்கள்.

எல்லாக் குளவியையும் ஒழிக்கக் கிளம்பிவிடாதீர்கள். செம்பனைத் தோட்டச் சாலையோரம் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூக்கும் செடிகள் அழகுக்கு நட்டவை அல்ல. பை போன்ற கூட்டைச் சுமந்துகொண்டே ஓலையைத் தின்னும் புழுவுக்குள் முட்டையிட்டு அழிக்கும் குட்டிக் குளவிகளுக்குத் தேன் கொடுக்க நட்டவை. அவை நம்மைக் கொட்டாது.

கொட்டிவிட்டால் அந்த இடத்தை விட்டு விலகுங்கள், அங்கேயே அடித்து நசுக்கினால் எச்சரிக்கை வாசனை கிளம்பி மற்றவை வரும். குளவி கொடுக்கை விட்டுப் போகாது, பல முறை கொட்டும். மோதிரத்தைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸைப் பத்து நிமிடம் வையுங்கள். சுண்ணாம்பும் வினிகரும் தோலுக்கு அடியில் போன விஷத்தை எட்டாது. மூச்சுத் திணறல், உதடு வீக்கம், உடம்பெங்கும் தடிப்பு, மயக்கம், இதில் ஒன்று வந்தாலும் உடனே 999. பல கொட்டு வாங்கியவர் தெம்பாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அடுத்த ஓரிரு நாளில் சிறுநீர் தேத்தண்ணீர் நிறத்தில் போனால் சிறுநீரகம் அடிவாங்குகிறது என்று அர்த்தம், காலை வரை காத்திருக்கக் கூடாது.