காற்றாடிமலையில் சொல்லாமல் விட்ட வேண்டுதல்

காற்றாடிமலைக்குப் போக ஆரல்வாய்மொழியில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே காற்று அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தது. கணவாய்க் காற்று அது. தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. என் சட்டைப் பையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. அதில் மூன்று வேண்டுதல்கள்: இரண்டு வருடமாகத் தள்ளிப்போகும் பதவி உயர்வு, வீட்டுக் கடன், அப்புறம் அம்மாவின் மூட்டுவலி. அம்மாவுக்காக எழுதியதைத்தான் கடைசியில் வைத்திருந்தேன்.

முதல் நாள் நாகர்கோவிலில் சித்தி வீட்டில் தங்கிவிட்டு, காலையிலேயே புலியூர்க்குறிச்சிக்குப் போய் வந்திருந்தோம். விலங்கு பூட்டப்பட்டு தாகத்தில் தவித்த புனித தேவசகாயம் ஜெபித்துவிட்டு முழங்கையால் இடித்தபோது தண்ணீர் சுரந்ததாகச் சொல்லும் முட்டிடிச்சான் பாறை அங்கேதான் இருக்கிறது. அம்மா அந்தத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, முதலில் என் நெற்றியில் தடவினாள். மிச்சத்தைத்தான் தன் முட்டில் வைத்தாள்.

பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. டச்சுத் தளபதி டி லனாயின் கல்லறை அதற்குள் இருக்கிறது. 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்தவர். நட்டாலத்தில் 1712-இல் பிறந்து அரண்மனை வேலையில் இருந்த நீலகண்டன், குடும்பத்தில் அடுத்தடுத்து வந்த இழப்புகளால் மனம் உடைந்திருந்தபோது, அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னது இவர்தான். எல்லாம் போன பிறகும் கடவுளைப் பற்றிக்கொண்ட மனிதனின் கதை. 1745-இல் வடக்கன்குளத்தில் நீலகண்டன் ஞானஸ்நானம் வாங்கினார். லாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள். கல்லறையிலிருந்து இயேசு கூப்பிட்டு எழுப்பிய லாசரின் பெயர்!

அதன் பிறகு அவருக்குக் கிடைத்தது விலங்கும் சவுக்கடியும். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். விசுவாசத்தை விட்டுவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் சொல்லவில்லை. 1752 ஜனவரி 14 அன்று இந்தக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினாள். மணியடிச்சான் பாறையில் ஒரு சிறுமி கல்லை எடுத்துத் தட்டினாள். கோயில் மணி மாதிரியே நாதம் எழுந்தது. நானும் தட்டினேன். அந்த அதிர்வு விரல் நுனியில் கொஞ்ச நேரம் நின்றது.

முழங்கால் போட்டு, தாளை எடுத்தேன். முதல் வரியைப் படித்தவுடன் நாக்கு எழவில்லை. பதவி, சம்பளம், வீடு. இந்த மனிதர் எதையெல்லாம் விட்டுவிட்டு இந்தப் பாறைக்கு வந்து சேர்ந்தாரோ, அதையேதான் நான் அவரிடம் கேட்க வந்திருக்கிறேன். தேவைகளைக் கேட்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. அன்றாட அப்பத்தைக் கேட்கச் சொன்னவரே ஆண்டவர்தான். ஆனால் இத்தனை வருட ஜெபத்தில் நிலைவாழ்வைத் தாரும் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறேனா? விசுவாசத்துக்காக எதையாவது இழந்திருக்கிறேனா? கண் நிறைந்துவிட்டது. தாளை மடித்து வைத்துவிட்டு, "சாகிறவரைக்கும் உம்மை விட்டு விலகாத மனசைத் தாரும் ஆண்டவரே" என்று மட்டும் சொன்னேன். ரொம்ப நாளைக்குப் பிறகு ஜெபம் ஜெபமாகவே இருந்தது.

சாயங்காலம் கோட்டாறு சவேரியார் பேராலயத்துக்குப் போனோம். அங்கேதான் தேவசகாயத்தின் கல்லறை. அம்மா கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"என்னய்யா கேட்ட?"

சொன்னேன். ஒன்றும் பேசாமல் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, வலிக்கும் முட்டோடு, என் பக்கத்தில் மெல்ல முழங்கால் போட்டாள்.

"அப்ப எனக்கும் அதையே கேளு."