தட்டில் மிஞ்சிய சோறு

அப்பாவின் பெல்ட்டில் ஐந்து துளைகள் இருந்தன. ஆறாவதை அவரே ஆணியைக் காய்ச்சிக் குத்திக்கொண்டார். கடலூர் சில்வர் பீச்சில் காலை நடைக்கு வருகிறவர்கள் எல்லாம், உடம்பை நன்றாகக் குறைத்துவிட்டீர்கள் என்று அவரைப் பாராட்டிக்கொண்டிருந்த காலம் அது. அதற்குச் சற்று முன்புதான், 61 வயதில், அவருக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் வந்திருந்தது. எங்கள் பரம்பரையில் யாருக்கும் அது கிடையாது. மாத்திரை கொடுத்துச் சோற்றைக் குறைக்கச் சொன்னார்கள். எடை இறங்கியதற்கு அதுவே காரணம் என்று நாங்களும் இருந்துவிட்டோம். புதிதாகச் சர்க்கரை வருகிறவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குக் கணையப் புற்றுநோய் இருப்பதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஐம்பதைக் கடந்தவருக்குத் திடீரெனச் சர்க்கரை வந்து, கூடவே காரணமில்லாமல் எடையும் இறங்கினால், கணையத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது என்று ஒரு மருத்துவர் எங்களிடம் சொன்னபோது ஏழு மாதங்கள் ஓடிப்போயிருந்தன.

கணையம் ஏறக்குறைய 15 செ.மீ. நீளமுள்ள உறுப்பு. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் ஒளிந்துகொண்டிருப்பதால், வயிற்றை அழுத்திப் பார்க்கும் கைக்கு அங்கே தொடக்க நிலையில் உள்ள கட்டி தட்டுப்படுவதில்லை. இரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் ஒரு பக்கம், கொழுப்பையும் புரதத்தையும் மாவுச்சத்தையும் செரிக்கவைக்கும் நொதிகள் மறுபக்கம் என இரண்டு வேலைகளை அது பார்க்கிறது. அப்பாவுக்குப் புற்றுநோய்க் கட்டி இருந்தது கணையத்தின் தலைப்பகுதியில். பித்தக்குழாய் அதன் வழியாகத்தான் குடலுக்குப் போகிறது என்பதால், கட்டி வளர்ந்து குழாயை நெருக்கியதும் மஞ்சள் காமாலை வந்தது. கணையத்தின் நடுப்பகுதியிலோ வால்பகுதியிலோ கட்டி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்த எச்சரிக்கைகூடக் கிடைப்பதில்லை. முதுகுவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

காமாலை என்றதும் எங்கள் தெருவே ஒரே மருந்தைச் சொன்னது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்து, உப்பும் எண்ணெயும் இல்லாத பத்தியத்தில் அப்பாவை மூன்று வாரம் வைத்திருந்தோம். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனால் இரவெல்லாம் உடம்பைச் சொறிந்துகொண்டிருந்தார், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனது, மலம் களிமண்ணைப் போல வெளுத்திருந்தது. இந்த மூன்றும் சேர்ந்தால் பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம் என்பதையும், அன்றே ஸ்கேன் எடுக்கப் போக வேண்டும் என்பதையும் யாராவது ஒருவர் உரக்கச் சொல்லியிருந்தால் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அந்த மூன்று வாரம் எதையும் மாற்றியிருக்காது என்றுதான் மருத்துவர்கள் சொன்னார்கள். அம்மா அதை நம்பவில்லை.

புதுச்சேரியில் எடுத்த சி.டி. ஸ்கேனில், கட்டி குடலுக்குப் போகும் பெரிய இரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டிருப்பது தெரிந்தது. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை ஆகியவற்றை வெட்டியெடுத்துவிட்டு மீதியைக் குடலோடு இணைக்கும் விப்பிள் அறுவை சிகிச்சைக்கு, ஆலன் விப்பிள் என்ற அமெரிக்க மருத்துவர் 1935-இல் எழுதிய கட்டுரையால் அந்தப் பெயர் வந்தது. நோய் தெரியவரும் நாளில் அதற்கு ஏற்ற நிலையில் இருப்பவர்கள் ஐந்து பேரில் ஒருவர்தான். அப்பா மற்ற நால்வரில் ஒருவராக இருந்தார். எண்டோஸ்கோப்பி வழியாக, பித்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்ததும் காமாலையும் அரிப்பும் இறங்கின. பிறகு கீமோ தொடங்கியது. உறவினர் ஒருவர், ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் கணையப் புற்றுநோயோடு எட்டு ஆண்டுகள் இருந்தாரே என்று ஆறுதல் சொன்னார். ஜாப்ஸுக்கு வந்தது கணையத்தின் ஹார்மோன் செல்களில் தோன்றும், மெதுவாக வளரும் வேறு வகை என்பதை அந்த உறவினரிடம் விளக்க எனக்குத் தெம்பு இல்லை.

கீமோவைவிட எங்கள் வீட்டைக் கலைத்தது சோறுதான். பண்ருட்டிச் சந்தைக்கு ஆள் அனுப்பிப் பலாப்பழம் வாங்குவதும், வஞ்சிரம் வந்த நாளில் துறைமுகத்துக்கே போய்த் துண்டு போட்டு வாங்கி வருவதும் அம்மாவுக்கு அன்பைச் சொல்லும் வழிகள். அப்பா இரண்டு வாய் உண்டுவிட்டுத் தட்டை நகர்த்துவார். "உங்களுக்குப் பிடிக்கும்னுதானே செஞ்சேன், இன்னும் ஒரு வாய்" என்பார் அம்மா, அவர் கோபித்துக்கொள்வார், அம்மா சமையலறையில் போய் அழுவார். அவர் வேண்டுமென்றே சாப்பிட மறுக்கிறார் என்றே நாங்கள் நினைத்தோம். நொதி குடலுக்கு வந்து சேராததால் உண்ட கொழுப்பு செரிக்காமல் அப்படியே போகிறது, கழிப்பறைத் தண்ணீரில் எண்ணெய்போல் மிதக்கிறது என்பதை அவர் கூச்சத்தால் எங்களிடம் சொல்லாமல் இருந்தார். நானும் கேட்கவில்லை, மகளிடம் ஒரு தந்தை பேசக்கூடிய விஷயமா அது! உணவியல் நிபுணர் நேரடியாகக் கேட்டபோதுதான் வெளியே வந்தது. நொதி அடங்கிய மாத்திரையை முதல் கவளத்தோடு விழுங்கச் சொன்னார். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு சிறு வேளைகளாகப் பிரிக்கச் சொன்னார். அன்றிலிருந்து அம்மா பெரிய எவர்சில்வர் தட்டை எடுத்து வைத்துவிட்டு, சிறிய கிண்ணத்தில் தயிர்சாதம் பரிமாறத் தொடங்கினார். கிண்ணம் காலியாகும்போது இருவருக்குமே தோற்ற உணர்வு இல்லை. இதை முதல் மாதத்திலேயே யாராவது சொல்லித்தந்திருக்கலாம் என்பது என் மனக்குறை.

எங்கள் பக்கத்தில் வயிற்றுவலி என்றால் திருவதிகையில் சூலைநோய் தீர்ந்த அப்பர் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். அம்மா அங்கே போய்த் திருநீறு வாங்கி வந்தார். எனக்கு அந்தக் கதையில் இப்போது தெரிகிறவர், வலியோடு வந்த அப்பருக்குத் திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போன அக்கா திலகவதியார்தான். நோயாளி வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அப்பாவின் எடையைக் கேட்டார்கள். அந்த ஓராண்டில் அம்மாவும் ஒன்பது கிலோ இறங்கியிருந்ததை ஒருவரும் கேட்கவில்லை. கடைசி இரண்டு மாதங்களில் மார்ஃபின் மாத்திரை வலியைத் தணித்தது. அதற்குப் பழகிவிடுவாரே என்று பயந்து, நாங்கள் அதைத் தொடங்கச் சில வாரம் தாமதித்தோம், வீண் பயம்.

அப்பாவின் காரியம் முடிந்த பிறகு, குடும்பத்தில் வேறு யாருக்காவது கணையம், மார்பகம், சினைப்பை ஆகியவற்றில் புற்றுநோய் இருந்ததா என்று மருத்துவர் எங்களைக் கேட்டார். சிறு பங்கு நோயாளிகளுக்கு இது மரபணு வழியாக வருவதால் அந்தக் கேள்வி. பெற்றோரில் ஒருவருக்கு வந்திருந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து கொஞ்சம் கூடும் என்றும், நம் கையில் இருப்பவற்றில் முதலாவது புகையிலை என்றும், புகைபிடிப்பது வாய்ப்பை ஏறக்குறைய இரு மடங்காக்குகிறது என்றும் தம்பியைப் பார்த்தே சொன்னார். விட்டுவிட்டதாகத் தம்பி சொல்கிறான். சென்ற வாரம் அவன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் தீப்பெட்டி இருந்தது. அம்மா அதை விளக்கு மாடத்தில், அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்தார். அவன் பார்த்தான், எடுக்கவில்லை.