கடைசித் தெருவுக்குத் தண்ணீர்: ஒரு வார்டு உறுப்பினரின் 2024 நாட்குறிப்பு

2024 ஜனவரி 26, வெள்ளி

குடியரசு தின கிராம சபை முடிந்து வந்து எழுதுகிறேன். எங்கள் ஊராட்சியின் மக்கள்தொகை 3,000-க்குக் கீழ்தான். அதனால் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். ஒரு வாரம் முன்பே ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தோம். தண்டோரா போடுவதை 2022-ல் அரசு நிறுத்தியது. அது நல்ல முடிவு. பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தவர்கள் எப்போதும் எங்கள் காலனிக்காரர்களாகத்தான் இருந்தார்கள்.

வரவு செலவு பிளக்ஸை வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டு நூறு நாள் வேலைக்குப் போவது போல வரிசையாகக் கிளம்பப் பார்த்தார்கள். எங்கள் தெருப் பெண்களிடம் முன்தினமே சொல்லி வைத்திருந்தேன்: "கையெழுத்து மட்டும் போட்டால் நீங்கள் எண்ணிக்கைதான். உட்கார்ந்து பேசினால்தான் சபை." உட்கார்ந்தார்கள். பேசவும் செய்தார்கள்.

பேசியது தண்ணீரைப் பற்றி. ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய் வைத்தாகிவிட்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது திட்டத்தின் கணக்கு. ஆனால் டேங்கிலிருந்து கிளம்பும் பைப் மேலத்தெரு, நடுத்தெரு என்று சுற்றி, கடைசியாகத்தான் எங்கள் காலனிக்கு வருகிறது. தெருவும் கொஞ்சம் மேடு. குழாய் இருக்கிறது, காற்றுதான் வருகிறது. ஓர் அப்பத்தா எழுந்து, "எனக்குக் குழாய் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்களே, தண்ணி கொடுத்ததாக எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள்" என்றார். யாரிடமும் பதில் இல்லை. காலனிக்குத் தனி பைப் லைன், தனி வால்வு என்று தீர்மானம் எழுதி, படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகுதான் எங்கள் பெண்கள் எழுந்தார்கள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

டேங்க் ஆபரேட்டர் அண்ணனோடு காலையில் லைன் முழுக்க நடந்தேன். எந்த வீட்டு முன்னால் எந்த இணைப்பு, எங்கே பைப் குறுகுகிறது, எங்கே கசிகிறது என்று அவர் மனப்பாடமாகச் சொல்கிறார். இவ்வளவும் ஒரு தாளில்கூட இல்லை. நான் வரைந்து வைத்துக்கொண்டேன்.

மேடு மட்டுமே காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் இதைக் கேட்க வேண்டும். மேலத்தெருவில் பல வீடுகளில் குழாயிலேயே டுல்லு மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். முதல் தெருவில் பத்து மோட்டார் ஓடினால் கடைசித் தெருவுக்கு என்ன மிச்சம்? அண்ணன் சொன்னார்: "தண்ணி திறந்த அரை மணி நேரத்துல மேலத்தெரு சின்டெக்ஸ் எல்லாம் ரொம்பிடும். உங்க தெருப் பக்கம் ஈரம் படுறதுக்குள்ள டேங்க் காலி."

பிப்ரவரி 26

மன்றக் கூட்டம். 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி, அதாவது இன்னதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று ஒதுக்கியது. அதில் பாதி குடிநீருக்கும் பாதி சுகாதாரத்துக்கும் போக வேண்டும். ஆக, தனி லைனுக்குப் பணம் இல்லை என்று சொல்ல வழியில்லை. இதைச் சொல்லத்தான் அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுப் போயிருந்தேன். ஓர் உறுப்பினர், "ஒரு தெருவுக்கு மட்டும் எதுக்குத் தனி லைன்? ஊர்ல எல்லாருக்கும் ஒரே டேங்க் தண்ணிதானே" என்றார். ஒரே டேங்க்தான். அதனால்தான் கேட்கிறோம்.

தலைவர் அக்கா எந்தப் பக்கமும் சாயாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கிராம சபைத் தீர்மானத்தை மன்றம் தள்ள முடியாது" என்று முடித்தார். மன்றத்தில் பாதிப் பேர் பெண்கள். 2016 சட்டத் திருத்தம் வந்திராவிட்டால் இந்த மேசையில் இந்தப் பேச்சே நடந்திருக்காது என்று நம்புகிறேன். எஸ்டிமேட் போட ஓவர்சியருக்குக் கடிதம் போகிறது.

மார்ச் 17

நேற்று மக்களவைத் தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். நடத்தை விதி அமலுக்கு வந்தாயிற்று. பணி ஆணை வந்திருந்தாலும், களத்தில் வேலை தொடங்கியிருக்காவிட்டால் தொடங்கக் கூடாது. எங்கள் லைனுக்கு ஆணை வந்து நான்கு நாள்தான் ஆகிறது. பைப்கூட இறங்கவில்லை.

உலகத் தண்ணீர் தினத்துக்காக மார்ச் 22-ல் நடக்க வேண்டிய கிராம சபையும் இல்லை. வருடத்துக்கு நான்காக இருந்த கூட்டத்தை 2022-ல்தான் ஆறாக்கினார்கள். தண்ணீரைப் பற்றிப் பேசவென்றே ஒதுக்கிய கூட்டம் தண்ணீர் இல்லாத வருடத்தில் நடக்காமல் போகிறது.

ஏப்ரல் 24

19-ந் தேதி ஓட்டுப் போட்டாயிற்று. எண்ணிக்கை ஜூன் 4-ல். அதுவரைக்கும் இப்படியே.

இன்று பஞ்சாயத்து ராஜ் தினம். 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் இதே தேதியில்தான் நடைமுறைக்கு வந்தது. கொண்டாட எதுவும் இல்லை. காலனியில் பெண்கள் வயல்காட்டு மோட்டாருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். காலை ஆறு மணிக்கே வெயில் அடிக்கிறது. நூறு நாள் வேலைக்கு அதற்குள் போய்ச் சேர வேண்டும், ஆப்பில் போட்டோ எடுப்பார்கள். காலையில் ஒன்று, மதியத்துக்கு மேல் ஒன்று. தண்ணீர் தூக்கப் போய்த் தாமதமானால் அன்றைய வருகைப் பதிவு போச்சு. தண்ணீர்ப் பிரச்சினையும் கூலிப் பிரச்சினையும் வேறு வேறு தலைப்பில் அஜெண்டாவில் வரும். பெண்களுக்கு இரண்டும் ஒரே காலைப்பொழுது.

கூலி இந்த மாதத்திலிருந்து 294-லிருந்து 319 ஆகியிருக்கிறது. ஆனால் அளவெடுத்துத்தான் கொடுக்கிறார்கள். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டு வரும் வரத்துக்காலில்தான் வேலை, மண் இப்போது பாறை மாதிரி. வெட்டின ஆழத்துக்கு முழுக்கூலி விழாது.

மே 1

இன்றும் கிராம சபை இல்லை, அதே காரணம். லாரித் தண்ணீர் மட்டும் வருகிறது. குடிநீர் வினியோகத்துக்கு விதி தடை இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டு தலைவர் அக்கா யூனியன் ஆபீஸில் பேசி ஏற்பாடு செய்தார்.

ஜூன் 20

நடத்தை விதி 6-ந் தேதி விலகியது. அடுத்த வாரமே பைப் இறங்கியது. 90 மில்லிமீட்டர் பிவிசி, டேங்க் அடியிலிருந்து நேராகக் காலனிக்கு. பள்ளம் வெட்டும்போது மேலத்தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் வாசலில் தோண்டக் கூடாது என்று நின்றார்கள். ரோடு ஊராட்சிச் சாலை, பள்ளம் மூடி சிமென்ட் போட்டுத் தருவோம் என்று எழுதிக் கொடுத்த பிறகு விட்டார்கள்.

இன்று காலை திறந்தோம். கடைசி வீட்டில், ஜனவரியில் கேள்வி கேட்ட அதே அப்பத்தா வீட்டில், நல்ல தடிமனாகத் தண்ணீர் விழுந்தது. குடம் நிரம்ப எவ்வளவு நேரம் என்று ஆபரேட்டர் அண்ணன் கையில் கடிகாரத்தோடு நின்றார். குளோரின் பார்க்கும் குப்பியையும் கொண்டு வந்திருந்தார். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சமிருக்க வேண்டும். இருந்தது. காலனியில் யாரும் அந்தச் சோதனையை அதுவரை பார்த்ததில்லை. சோதிக்கத் தண்ணீர் வந்தால்தானே.

ஜூன் 29

எதிர்பார்த்ததுதான். மேலத்தெருவில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று புகார். சில நாள் முன்பு மன்றத்தில் காரசாரமான பேச்சு. 30,000 லிட்டர் டேங்க், ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏற்றுகிறோம். அதைத் தெருவாரியாக நேரம் பிரித்தால் எல்லோருக்கும் காணும் என்று ஆபரேட்டர் அண்ணன் கணக்குப் போட்டுக் காட்டினார். உண்மையில் இந்த ஊரின் குடிநீர்ப் பொறியாளர் அவர்தான். சம்பளத்தைச் சொன்னால் வெளியே நம்ப மாட்டார்கள்.

முடிவு: காலை ஏற்றும் தண்ணீர் முதலில் காலனிக்கு, பிறகு நடுத்தெரு. மாலைத் தண்ணீர் மேலத்தெருவில் தொடங்கும். நேரத்தை டேங்க் சுவரில் பெயின்டால் எழுதுவது. டுல்லு மோட்டார்களைப் பதினைந்து நாளில் கழற்ற வேண்டும், இல்லையென்றால் இணைப்பு துண்டிப்பு. இந்தக் கடைசி வரிக்குக் கையெழுத்து வாங்கத்தான் இரவு ஒன்பது மணி ஆனது. தன் வீட்டிலேயே மோட்டார் வைத்திருந்த ஓர் உறுப்பினர் மறுநாள் முதல் ஆளாகக் கழற்றினார். அவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கழற்றினார்கள். அதை எழுதி வைக்க வேண்டும்.

ஜூலை 21

கண்மாயில் வண்டல் மண் எடுக்க இப்போது தாசில்தார் அனுமதியே போதும் என்று அரசாணை. முன்பு கலெக்டர் ஆபீஸ் வரை போக வேண்டும். ஏக்கருக்கு நஞ்சைக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர், இலவசம். எங்கள் கண்மாயின் ஆயக்கட்டு 100 ஏக்கருக்குள், ஆகவே யூனியன் கண்மாய். சிவகங்கைச் சீமையில் எங்கள் பக்கம் ஆறு என்று நம்பிப் பிழைக்க ஒன்றும் கிடையாது, பெய்கிற மழையைக் கண்மாயில் பிடித்தால்தான் உண்டு. விண்ணப்பம் கொடுக்கிற விவசாயிகளுக்குப் பட்டா நகல், அடங்கல் எடுத்துக் கொடுக்கிற வேலையில் ஒரு வாரம் ஓடியது. வரத்துக்காலில் சீமைக் கருவேலம் அடைத்துக் கிடக்கிறது. கரைவரை டிராக்டர் போகும், தண்ணீர் வரப் பாதை இல்லை. வரத்துக்கால் வேலையை நூறு நாள் பட்டியலில் முதலில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 15

ஏழு மாதம் கழித்து கிராம சபை. கூட்டம் நிரம்பி வழிந்தது. காரணம் கலைஞர் கனவு இல்லம் பட்டியல். குடிசைக்குப் பதில் 360 சதுர அடி வீடு, 3.50 லட்சம் ரூபாய். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீடு என்பது மாநிலக் கணக்கு. ஓர் ஊருக்கு வருவது கைவிரல்களுக்குள் அடங்கிவிடும்.

பட்டியலை மைக்கில் வாசிக்க வேண்டும் என்று நாங்கள் சில உறுப்பினர்கள் பிடிவாதமாக நின்றோம். வாசித்தார்கள். ஒரு பெயருக்கு, "அவருக்குத்தான் ஓட்டு வீடு இருக்கே" என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது. விசாரித்து நீக்கினார்கள். சபையில் வாசித்ததால்தான் அது நடந்தது. ஆபீஸ் அறையில் கையெழுத்தாகியிருந்தால் அப்படியே போயிருக்கும்.

மனசு கனத்தது வேறொன்றில். கண்மாய்க் கரையோரம் குடிசை போட்டிருக்கிற ஒரு மதினி. ஊரிலேயே மோசமான குடிசை அவருடையதுதான். ஆனால் அது நீர்நிலைப் புறம்போக்கு, பட்டா கிடைக்காது, பட்டா இல்லாமல் வீடு கிடையாது. நீர்நிலையில் பட்டா கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அப்படியானால் வேறு இடத்தில் மனை கொடுப்பது அரசின் கடமை. நத்தம் நிலத்தில் இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டுத் தனித் தீர்மானம் போட்டோம். நகலோடு தாலுகா ஆபீஸுக்கு அலைய ஆரம்பித்திருக்கிறேன்.

அக்டோபர் 2

காந்தி ஜெயந்தி சபை. அடுத்த ஆண்டு நூறு நாள் வேலைப் பட்டியலுக்கு ஒப்புதல். வரத்துக்கால், ஊருணிப் படித்துறை, சுடுகாட்டுப் பாதை. வீட்டு வரி அரையாண்டு பாக்கி நிறைய. வரியும் தண்ணீர்க் கட்டணமும் வராவிட்டால் மோட்டார் பழுதுக்கும் கரண்ட் பில்லுக்கும் கைபிசைய வேண்டியதுதான். காலனியில் இந்த முறை பாதிக்கு மேல் கட்டிவிட்டார்கள். தண்ணீர் வருகிற வீட்டில் போய்க் கட்டணம் கேட்க எனக்கும் வாய் வருகிறது.

நவம்பர் 23, சனி

நவம்பர் 1 உள்ளாட்சி நாள். தீபாவளிக்கு மறுநாளாகப் போனதால் கிராம சபையை இன்றைக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். தூய்மைக் காவலர்களுக்குத் துண்டு போர்த்தினோம். ஒரு அக்கா, "துண்டு சந்தோசம். கையுறை மூணு மாசமா வரலை" என்றார். அதையும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொன்னேன். முதலில் கிளார்க் தம்பி தயங்கினார், பிறகு எழுதினார்.

மழை நன்றாகப் பிடித்திருக்கிறது. வரத்துக்காலில் வெட்டின தூரம் வரைக்கும் தண்ணீர் ஓடுகிறது. வெட்டாத இடத்தில் வயலுக்குள் ஏறிவிட்டது. அந்த வயல்காரர்தான் கோடையில், கால்வாய் வெட்டுவது வெட்டிச் செலவு என்று பேசியவர். இன்று அவரே சபையில் எழுந்து மிச்சத்தையும் வெட்டச் சொல்லிக் கேட்டார்.

டிசம்பர் 28

நவம்பர் கடைசியிலிருந்து நூறு நாள் கூலி வரவில்லை. மத்திய நிதி வரவில்லை என்கிறார்கள். பொங்கல் வருகிறது. வீட்டு வாசலில் பெண்கள் வந்து கேட்கிறார்கள். மனு எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பியிருக்கிறோம். வேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுக்க இவ்வளவு யோசிக்கும் நாட்டில் எந்தத் திட்டத்தைப் பற்றியும் பெருமை பேச எனக்கு மனம் வரவில்லை.

2025 ஜனவரி 5, ஞாயிறு

இன்றோடு பதவிக்காலம் முடிகிறது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்கள் எல்லாவற்றுக்கும் இதுதான். நாளை முதல் தனி அலுவலர். வட்டார வளர்ச்சி அலுவலர் (பிடிஓ) ஒருவரே ஒன்றியத்தின் எல்லா ஊராட்சிக்கும் பார்க்க வேண்டும். தேர்தலை நேரத்தில் நடத்தியிருக்க வேண்டும், நடத்தவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மோட்டார் எரிந்தால் ஜனங்கள் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்று இதை முடிவு செய்தவர்கள் நினைத்துப் பார்த்தார்களா?

கிளார்க் தம்பியிடம் நிலுவைப் பட்டியலைக் கொடுத்தேன்: மதினியின் வீட்டுமனைப் பட்டா, தூய்மைக் காவலர் கையுறை, வரத்துக்கால் மிச்சம், சுடுகாட்டுப் பாதை. ஒவ்வொன்றுக்கும் தீர்மான எண், தேதி, எந்த ஆபீஸில் மனு நிற்கிறது என்பது வரை. பைப் லைன் படத்தின் நகலை ஆபரேட்டர் அண்ணன் வாங்கிக்கொண்டார்.

ஜனவரி 9

மேலத்தெருவில் ஒரு வீட்டில் மறுபடி டுல்லு மோட்டார் மாட்டியிருக்கிறார்கள். மன்றம் இல்லை என்ற தைரியம். தீர்மானம் இருக்கிறது. நகல் எடுத்துக்கொண்டு நாளைக்குக் காலனிப் பெண்கள் நாலு பேரோடு யூனியன் ஆபீஸ் போகிறேன். அப்படியே கூலி விஷயமும், பட்டா விஷயமும் கேட்டுவிட்டு வர வேண்டும்.